பி.டெஸ் படிக்கறீங்களா? ஹானர்ஸ் ஃபார்ம் உங்கள தேடி வராது, நீங்கதான் போகணும்

ஓஎம்ஆர்ல இருக்கற ஒரு தனியார் யுனிவர்சிட்டில நாலு வருஷம் பி.டெஸ், அதாவது டிசைன் டிகிரி, படிச்சு முடிச்சுட்டேன். சிஜிபிஏ 8.4, ஒரு அரியர் கூட கெடையாது, ஆனா டிகிரில ஹானர்ஸ் இல்ல. மார்க்கால போகல, ஒரு ஃபார்மால போச்சு. அஞ்சாவது செமஸ்டர் ஆரம்பத்துல பத்து நாள் மட்டும் போர்ட்டல்ல தொறந்து வெச்சிருந்தாங்களாம், அந்த பத்து நாளும் நான் ஃபோம் போர்டு வெட்டிட்டு இருந்தேன்.

இப்ப எங்க தெரு தம்பி ஒருத்தன் டிசைன்ல சேந்திருக்கான். "அக்கா, ஹானர்ஸ்னா என்னக்கா, எப்ப கேப்பாங்க?"ன்னு கேட்டான். டிகிரி பேரோட சேத்து கூடுதலா அச்சாகற சிறப்புடா அது, யாரும் கேக்க மாட்டாங்க, நீதான் போய் கேக்கணும்னு ஆரம்பிச்சு வாய்ஸ் நோட்டா அனுப்பி அனுப்பி தொண்ட கட்டினதுதான் மிச்சம், அதான் எழுதிட்டேன். சென்னைல எந்த காலேஜா இருந்தாலும் ஃபார்ம் பேரும் ஆஃபீஸ் பேரும் மாறும், அலைச்சல் ஏறக்குறைய இதேதான்.

1. ரெகுலேஷன் பிடிஎஃப் எடுங்க, சீனியர் பேச்ச நம்பி உக்காராதீங்க

ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு ரெகுலேஷன் உண்டு, நீங்க சேந்த வருஷத்துக்கான ரூல் புக்குன்னு வெச்சுக்கோங்க. உங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி சேந்த சீனியருக்கு வேற ரெகுலேஷனா இருக்கலாம். அவர் பாசமாதான் சொல்லுவாரு, ஆனா அவரு சொல்றது அவரு பேட்சுக்கு. நானும் அப்படித்தான் மாட்டினேன், "ஏழாவது செமஸ்டர்ல கேப்பாங்க, அப்ப பாத்துக்கலாம்"னு ஒரு அண்ணா சொன்னாரு, அவரு பேட்சுக்கு அது நெஜமாவே ஏழாவது செமஸ்டர்தான்.

முழுசா படிக்க வேணாம். சர்ச் போட்டு ஹானர்ஸ், மைனர், அடிஷனல் கிரெடிட், எலிஜிபிலிட்டி, கிளாசிஃபிகேஷன், இந்த அஞ்சு வார்த்தையும் வர்ற பக்கத்த மட்டும் பிரின்ட் எடுத்து வெச்சுக்கோங்க.

இதுல கொழப்பம் என்னன்னா ஹானர்ஸ்ங்கற ஒரே வார்த்தைய மூணு விஷயத்துக்கு யூஸ் பண்றாங்க. முதல்ல, யுஜிசி (யுனிவர்சிட்டிங்களுக்கு விதி போடற மத்திய அமைப்பு) 2022 டிசம்பர்ல விட்ட கிரெடிட் ஃப்ரேம்வொர்க், கிரெடிட்னா ஒரு பேப்பரோட எடைன்னு வெச்சுக்கோங்க: 3 வருஷ டிகிரிக்கு 120 கிரெடிட், 4 வருஷ ஹானர்ஸுக்கு 160 கிரெடிட். அதுக்குள்ளயே இன்னொண்ணு, ஹானர்ஸ் வித் ரிசர்ச். அதுக்கு முதல் 6 செமஸ்டர்ல 75 சதவீதம் வேணும், நாலாவது வருஷம் 12 கிரெடிட்டுக்கு ரிசர்ச் ப்ராஜெக்ட் பண்ணணும். மூணாவது இன்ஜினியரிங் பக்கத்துலேந்து வந்த ஏஐசிடிஇ (டெக்னிக்கல் படிப்புக்கான மத்திய கவுன்சில்) மாடல்: ரெகுலர் கிரெடிட்டுக்கு மேல 18லேந்து 20 கிரெடிட் எக்ஸ்ட்ரா எடுக்கணும். சொந்த துறையிலயே எடுத்தா ஹானர்ஸ், வேற துறையில எடுத்தா மைனர். உங்க காலேஜ் இதுல எத பாலோ பண்ணுது, இல்ல எதையுமே பண்ணலையான்னு ரெகுலேஷன்தான் சொல்லும். யுஜிசி பேப்பர கைல வெச்சுக்கிட்டு ஆஃபீஸ்ல சண்ட போட்டு புண்ணியம் இல்ல, உங்க ரெகுலேஷன்ல என்ன அச்சாகி இருக்கோ அதுதான் உங்களுக்கு நடக்கும்.

நாலு வருஷ கோர்ஸ்னா தானா ஹானர்ஸ்னு நெனைச்சுட்டு என் க்ளாஸ்ல பாதி பேர் கடைசி வரைக்கும் இருந்தாங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்க்ஷன் வேற, டீன்ஸ் லிஸ்ட் வேற, கோல்ட் மெடல் வேற. எதுவும் எதுக்கும் பதில் ஆகாது. சில எடத்துல ஹானர்ஸே கெடையாது, மைனர் மட்டும்தான். தரமணில இருக்கற ஃபேஷன் காலேஜ் நிஃப்ட்ல கூட 2018ல பாடத்திட்டத்த மாத்தினப்போ மேஜரோட சேத்து மைனர் எடுக்கற மாதிரிதான் கொண்டுவந்தாங்க. அப்படி இருந்தா இல்லாத ஹானர்ஸுக்கு அலையாம மைனர ஒழுங்கா பிளான் பண்ணுங்க.

2. ஃபேகல்டி அட்வைசர மொத மாசத்துலயே போய் பாருங்க

சில காலேஜ்ல ஃபேகல்டி அட்வைசர்னு சொல்லுவாங்க, சில எடத்துல மென்டர், ப்ராக்டர், கிளாஸ் கவுன்சிலர். யாரா இருந்தாலும் உங்க கோர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன்ல, ஓடி (ஆன் ட்யூட்டி) ஃபார்ம்ல, அட்டெண்டன்ஸ் லெட்டர்ல எல்லாம் அவங்க சைன் இல்லாம ஒண்ணும் நகராது. உங்க பேரு யாரு லிஸ்ட்ல இருக்குன்னு போர்ட்டல்ல ப்ரொஃபைல் பேஜ்ல இருக்கும், இல்லனா டிபார்ட்மெண்ட் ஆஃபீஸ்ல கேளுங்க.

நான் எங்க மேம மொத மொறை தனியா போய் பாத்தது ஆறாவது செமஸ்டர்ல. அலமாரி சைஸுக்கு ஒரு ரூம், ஜன்னல்ல ஹார்லிக்ஸ் பாட்டில்ல மணிபிளான்ட், டேபிள் மேல டிஃபன் பாக்ஸ தொறந்து வெச்சுக்கிட்டு தயிர் சாதம் சாப்ட்டுட்டு இருந்தாங்க. கறுப்பு குப்ப கவர்ல சுத்தின மாடல கைல புடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னேன். "உள்ள வாம்மா. மூணு வருஷமா நான் உன் அட்வைசர், மொகத்தையே இன்னிக்குதான் பாக்கறேன்"னாங்க. ஹானர்ஸ்னு சொன்னதும் எடது கையாலயே மவுஸ புடிச்சு போர்ட்டல தொறந்து ஸ்க்ரீன என் பக்கம் திருப்பினாங்க. ஆகஸ்ட்லயே மூடியாச்சு. "உன் மார்க்குக்கு நானே சைன் போட்டிருப்பேனே, ஏம்மா வரல?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவங்களுக்கு என்ன மாதிரி 34 பேர், ஒவ்வொருத்தரா கூப்ட்டு சொல்ல முடியாதுன்னு எனக்கும் புரிஞ்சுது, ஆனா ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது போட்டிருக்கலாமேன்னு இன்னமும் தோணும்.

எப்ப போகணும்: செமஸ்டர் ஆரம்பிச்சு ரெண்டாவது, மூணாவது வாரம். மொத வாரம் டைம்டேபிள் சண்டைல இருப்பாங்க, ஜூரி (நம்ம வேலைய பாத்து மார்க் போடறது) வாரத்துல நீங்களே மனுஷனா இருக்க மாட்டீங்க. ஒரு மெயில் போட்டு டைம் கேட்டுட்டு போங்க, ரெண்டு வரி போதும்.

என்ன எடுத்துட்டு போகணும்: இதுவரைக்கும் வந்த கிரேட் ஷீட், ரெகுலேஷன்ல பிரின்ட் எடுத்த அந்த பக்கங்கள், அடுத்த ரெண்டு செமஸ்டருக்கு நீங்க நெனைச்சிருக்கற எலக்டிவ் (விருப்பப் பாடம்) லிஸ்ட். வெறுங்கையோட போனா "நல்லா படிம்மா"ன்னு அனுப்பிடுவாங்க, பேப்பரோட போனா பேப்பர பாத்து பேசுவாங்க.

கேக்க வேண்டியது: ஹானர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் எந்த செமஸ்டர்ல தொறக்கும், எவ்ளோ சிஜிபிஏ, ஒரு வாட்டி அரியர் வெச்சு க்ளியர் பண்ணிருந்தா செல்லுமா, ஆன்லைன் கோர்ஸ் கிரெடிட் எடுப்பாங்களா, எக்ஸ்ட்ரா கிரெடிட்டுக்கு தனி ஃபீஸ் உண்டா. இந்த கடைசி கேள்விய எல்லாரும் மறந்துடறாங்க. சில யுனிவர்சிட்டில ஒவ்வொரு எக்ஸ்ட்ரா கிரெடிட்டுக்கும் தனியா காசு, வீட்ல கேட்டுட்டு முடிவு பண்ண வேண்டிய அளவுக்கு.

வந்ததும் அன்னிக்கே ஒரு மெயில்: "மேம், இன்னிக்கு பேசினபடி இந்த ரெண்டு கோர்ஸ் எடுக்கறேன், அஞ்சாவது செமஸ்டர்ல ஹானர்ஸுக்கு அப்ளை பண்றேன்"னு. நடுவுல அட்வைசர் மாறுவாங்க, லீவ்ல போவாங்க, வேலைய விட்டே போவாங்க. புது ஆளுக்கு காட்ட அந்த மெயில் மட்டும்தான் இருக்கும். ரெண்டு மெயிலுக்கும் பதில் வரலைனா ஹெச்ஓடிய (துறைத் தலைவர்) நேர்ல பாருங்க, ஆனா அதுக்கு முன்னாடி அட்வைசர சிசில வெச்சு அவருக்கு ஒரு மெயில் போட்டுட்டு பாருங்க, தலைக்கு மேல போய்ட்டான்னு பேரு வராது.

3. கிரெடிட் கணக்க நீங்களே போடுங்க

யுஜிசி கணக்குப்படி 1 கிரெடிட்னா 15 மணி நேரம் லெக்சர், இல்ல 30 மணி நேரம் ப்ராக்டிகல். டிசைன்ல ஸ்டூடியோ பேப்பர்தான் பெருசு. 20 கிரெடிட் செமஸ்டர்ல 6 கிரெடிட் ஸ்டூடியோ இருக்குன்னு வெச்சுக்கோங்க. அதுல கிரேட் பாயின்ட் 7லேந்து 9 ஆனா அந்த செமஸ்டர் ஜிபிஏ 0.6 ஏறும். 2 கிரெடிட் தியரி பேப்பர்ல அதே 7, 9 ஆனா 0.2தான். ராத்திரி முழுக்க டிசைன் ஹிஸ்டரி மனப்பாடம் பண்ணிட்டு மறுநாள் ஜூரில தூங்கி வழியறவங்க இத ஒரு தடவ போட்டு பாருங்க.

ஒரு எக்ஸெல் ஷீட் போதும்: பேப்பர் பேரு, கிரெடிட், கிரேட், அது கோரா (கட்டாயப் பாடம்) எலக்டிவா எக்ஸ்ட்ராவா. செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கே ஏத்திடுங்க.

அட்டெண்டன்ஸ்தான் டிசைன் பசங்களுக்கு எமன். பெரும்பாலான எடத்துல 75 சதவீதம் கேக்கறாங்க. ஸ்டூடியோ ஒரே நாள்ல நாலு பீரியட் இருக்கும், அன்னிக்கு மெட்டீரியல் வாங்க பாரிஸ் கார்னர் போய்ட்டா நாலு பீரியடும் போச்சு. நான் ரெண்டாவது வருஷம் இப்படியே போய் போய் 76ல வந்து நின்னேன், அப்பறம் ஜுரத்தோட கூட க்ளாஸ் போனேன். டிபார்ட்மெண்ட் வேலையா போறீங்கன்னா முன்னாடி நாளே ஓடி ஃபார்ம்ல சைன் வாங்கிடுங்க, போய்ட்டு வந்து கேட்டா தர மாட்டாங்க.

அப்பறம் ஒரு அரியர் விழுந்தா டிகிரிக்கு ஒண்ணும் ஆகாது, எழுதி க்ளியர் பண்ணிடலாம், ஆனா நெறைய ரெகுலேஷன்ல ஹானர்ஸுக்கு எல்லா பேப்பரும் மொத அட்டெம்ப்ட்ல பாஸ் ஆயிருக்கணும்னு ஒரு வரி ஒளிஞ்சிட்டு இருக்கும். 2 கிரெடிட் என்விரான்மெண்ட் பேப்பர் தானேன்னு விட்டு அதுல ஃபெயிலாகி, 9 சிஜிபிஏ வெச்சிருந்தும் வெளிய நின்ன பொண்ணு எங்க பேட்ச்லயே உண்டு.

4. ஏபிசி ஐடி, இனிஷியல் பஞ்சாயத்து

அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், சுருக்கமா ஏபிசி. 2021ல வந்தது. நீங்க எடுக்கற கிரெடிட் எல்லாம் இதுல சேரும், வேற காலேஜ் மாறினாலும் ஆன்லைன் கோர்ஸ் எடுத்தாலும் இதுக்குள்ளதான் வரணும். டிஜிலாக்கர்ல போய் 12 இலக்க ஐடி எடுக்கலாம், காசு கெடையாது, எல்லாம் சரியா இருந்தா அஞ்சு நிமிஷ வேல.

எல்லாம் சரியா இருந்தா. நம்ம ஊர்ல இருக்காது. ஏன்னா இனிஷியல். டென்த் மார்க்ஷீட்ல கவிதா எஸ், ஆதார்ல எஸ் கவிதா, பேங்க் பாஸ்புக்ல கவிதா செல்வம், காலேஜ் போர்ட்டல்ல மொத பேரு கவிதா கடைசி பேரு எஸ். கம்ப்யூட்டருக்கு இது நாலு வேற வேற பொண்ணு. எனக்கு ஆதார்ல இனிஷியலுக்கும் பேருக்கும் நடுவுல ஸ்பேஸ் இல்லாம போட்டு வெச்சிருந்தாங்க, அந்த ஒரு ஸ்பேஸுக்கு மூணு வாரம்.

என்ன பண்ணணும்னா, டென்த் மார்க்ஷீட்ல எப்படி இருக்கோ அத மெயினா வெச்சுக்கிட்டு மத்ததெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. ஆதார் பேர் திருத்தத்துக்கு செலவு 100 ரூபாய்க்குள்ளதான், ஆனா நாள் ஆகும், திரும்ப திரும்ப மாத்தவும் விட மாட்டாங்க, அதனால ஒரே வாட்டில சரியா குடுங்க. மொத வருஷ தீபாவளி லீவ்ல முடிச்சுடுங்க, ஹானர்ஸ் ஃபார்ம் தொறந்திருக்கற பத்து நாள்ல இத பண்ண முடியாது.

ஸ்காலர்ஷிப்புக்கும் இதே கதைதான். வருமான சான்று, சாதி சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் இ-சேவைல ஒவ்வொண்ணுக்கும் 60 ரூபா. வருமான சான்று மட்டும் பழசாயிட்டா வாங்க மாட்டாங்க, தேதி பாத்துக்கோங்க. அரசு பள்ளில 6லேந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், மாசம் 1000 ரூபா. டிசைன் படிப்புக்கு இது வராதுன்னு யாரோ கெளப்பி விட்ருந்தாங்க, அத நம்பாம காலேஜ்ல இதுக்குன்னு இருக்கற நோடல் ஆஃபீஸர நேர்ல கேளுங்க.

5. என்பிடெல் கோர்ஸ்: மொதல்ல சைன், அப்பறம் படிப்பு

எக்ஸ்ட்ரா கிரெடிட்டுக்கு நெறைய பேர் போறது ஸ்வயம், என்பிடெல்ங்கற அரசு ஆன்லைன் கோர்ஸ் பக்கம்தான். என்பிடெல் நம்ம ஐஐடி மெட்ராஸ்லேந்து ஓடறது, டிசைன் திங்கிங், விஷுவல் கம்யூனிகேஷன், ப்ராடக்ட் டிசைன்னு நமக்கு ஏத்த கோர்ஸும் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு சுத்து, ஜனவரில ஒண்ணு ஜூலைல ஒண்ணு. 4 வாரம்னா 1 கிரெடிட், 8 வாரம்னா 2, 12 வாரம்னா 3.

சேர்றதுக்கு காசு இல்ல. பரீட்சைக்கு மட்டும் ஒரு கோர்ஸுக்கு 1000 ரூபா, அதுக்கு தனியா ரெஜிஸ்டர் பண்ணணும், கோர்ஸ்ல சேந்துட்டா பரீட்சைக்கும் சேந்தாச்சுன்னு அர்த்தம் இல்ல. வாரா வாரம் அசைன்மெண்ட், அது 25 மார்க். நேர்ல சென்டருக்கு போய் எழுதற பரீட்சை 75. 12 வார கோர்ஸ்ல பெஸ்ட் 8 அசைன்மெண்ட்ட எடுத்துப்பாங்க, அதனால ஒண்ணு ரெண்டு விட்டா பயப்பட வேணாம். பாஸுக்கு அசைன்மெண்ட்ல 25க்கு 10, பரீட்சைல 75க்கு 30, ரெண்டும் வேணும்.

18 கிரெடிட்டும் இதுலயே எடுக்க விட்டா 12 வார கோர்ஸ் ஆறு, அதாவது 6000 ரூபா. ஒரு செமஸ்டருக்கு ரெண்டுன்னு போட்டா மூணு செமஸ்டர். அஞ்சாவதுல ஆரம்பிச்சா ஏழாவதுல முடியும். ஆறாவதுல ஆரம்பிச்சா எட்டாவதுல முடியும், அங்கதான் ஆப்பு: ஜனவரி சுத்துக்கு பரீட்சை ஏப்ரல் வாக்குல, ரிசல்ட் அதுக்கும் பின்னாடி, உங்க யுனிவர்சிட்டி டிகிரி லிஸ்ட்ட மூடறதுக்குள்ள வந்து சேராம போகலாம்.

என் கதை வேற. நாலாவது செமஸ்டர்ல ஆர்வத்துல ஒரு 12 வார கோர்ஸ் எடுத்து, நல்ல மார்க்குக்கு தர்ற எலீட் முத்திரையோட சர்டிஃபிகேட் வாங்கி, லேமினேட் பண்ணாத குறையா ஆஃபீஸ்ல கொண்டு போய் குடுத்தேன். திருப்பி குடுத்துட்டாங்க. காரணம் ரெண்டு. முன்அனுமதி வாங்கல. அதோட அந்த கோர்ஸ் சிலபஸ்ல பாதிக்கு மேல எங்க கோர் பேப்பர் ஒண்ணோட ஒத்துப்போகுது, அதனால எக்ஸ்ட்ரா கிரெடிட்டா எடுக்க முடியாதாம். கவுன்டர்ல இருந்த சார் நல்ல மனுஷர், "ரெஸ்யூம்ல போட்டுக்கோம்மா"ன்னு ஆறுதல் சொல்லி அனுப்பினாரு.

அதனால கோர்ஸ் லிஸ்ட் வந்த ஒடனே மூணு, நாலு கோர்ஸ செலக்ட் பண்ணுங்க, வாரவாரி சிலபஸ பிரின்ட் எடுங்க, உங்க கரிக்குலத்தோட ஒப்பிட்டு எது ஒத்துப்போகல்லைன்னு நீங்களே குறிச்சு, அட்வைசர்கிட்டயும் ஹெச்ஓடிகிட்டயும் சைன் வாங்கி, ஒரு காப்பி உங்ககிட்ட வெச்சுக்கோங்க. அதுக்கப்பறம் மொத வீடியோவ பாருங்க.

6. ரிசர்ச் ப்ராஜெக்ட்டுக்கு கைடு புடிக்கறது

ஹானர்ஸ் வித் ரிசர்ச் இருக்கற காலேஜ்னா ஏழாவது செமஸ்டர்ல கைடு தேடினா மிச்சம் இருக்கறவங்கதான் கெடைப்பாங்க. ஆறாவது செமஸ்டர் நடுவுலயே போய் பேசுங்க. பெரிய ஐடியா வேணாம், ஒரு பக்கம் போதும்: எந்த எடம், யாருக்கு என்ன பிரச்சன, இதுவரைக்கும் நீங்க என்ன பாத்தீங்க.

எனக்கு ஹானர்ஸ் இல்லனாலும் ஃபைனல் ப்ராஜெக்ட் பண்ணித்தான ஆகணும். காசிமேட்ல மீன் கூடைய பத்தி பண்றேன்னு போனேன், கைல ஏற்கனவே ஆறு ஸ்கெட்ச். கைடு அத பொரட்டி கூட பாக்கல. "மொதல்ல பத்து நாள் விடியக்காலைல போய் நில்லு, அப்பறம் வரை"ன்னாரு. கடுப்பாதான் இருந்துது. ஆனா மூணாவது நாள்தான் கவனிச்சேன், கூடைய தூக்கறதுல கஷ்டம் எதுவும் இல்ல, எறக்கி வெக்கும்போதுதான் எல்லாரும் கைய விட்டுட்டு காலால தடுக்கறாங்க, ஐஸ் தண்ணில விரல் மரத்துப் போயிருக்கு. ஒரு அக்கா வெரல நீட்டி காமிச்சாங்க, நகத்துக்கு அடில எல்லாம் வெள்ளையா ஊறிப்போய் இருந்துது. என் ஆறு ஸ்கெட்ச்லயும் கைப்பிடி மேல இருந்துது. எல்லாத்தையும் தூக்கி போட்டேன்.

ஃபோட்டோ எடுக்கறதுக்கும் பேட்டிக்கும் கன்சென்ட் ஃபார்ம் வேணும், தமிழ்ல அடிச்சுட்டு போங்க, இங்கிலீஷ்ல நீட்டினா பேங்க் லோன் பேப்பர்னு பயந்துப்பாங்க. சைன் போடத் தெரியாதவங்களுக்கு வாய்மொழியா சம்மதம் சொல்றத ரெக்கார்ட் பண்ணா ஏத்துப்பாங்களான்னு கைடுகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. ரிப்போர்ட்டுக்கு காப்பி செக் உண்டு. யுஜிசி 2018 விதில 10 சதவீதம் வரைக்கும் வேற எழுத்தோட ஒத்துப்போனா தண்டனை இல்லன்னு இருக்கு, பல காலேஜ் அதே நம்பரதான் வெச்சிருக்காங்க. கடைசி நாள்ல செக் பண்ணாதீங்க, உங்க பழைய அசைன்மெண்ட்லேந்து நீங்களே எடுத்து போட்டது கூட காப்பின்னு காட்டும்.

படிக்க எடம்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், ஏசி, செலவு இல்ல. பழைய போஸ்டர், காலண்டர், அச்செழுத்து மாதிரி விஷயம்னா தரமணி ரோஜா முத்தையா நூலகம், காலேஜ் லெட்டரோட போங்க. கைவினை பக்கம்னா முட்டுக்காடு தக்ஷிணசித்ரா.

7. செலவு, அப்பறம் மழை

இத யாரும் சேரும்போது சொல்றதில்ல. எனக்கு ஃபைனல் ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் மாடல், ப்ளாட்டர் பிரின்ட், பைண்டிங், ஆட்டோ எல்லாம் சேத்து 14,000 ரூபா கிட்ட ஆச்சு. க்ளாஸ்ல 5000ல முடிச்சவங்களும் உண்டு, லேசர் கட்டிங்க காலேஜ் லேப்லயே முன்னாடி புக் பண்ணி வெச்சதுதான் வித்தியாசம். ஸ்டேஷனரி, போர்டு எல்லாம் பாரிஸ்ல, எலக்ட்ரானிக்ஸ் சாமான் ரிச்சி ஸ்ட்ரீட்ல, துணி கோடவுன் ஸ்ட்ரீட்ல. ஞாயித்துக்கெழம பாதி கட ஷட்டர் போட்டிருக்கும், சனிக்கெழம காலைல போய்டுங்க.

பிரின்ட் ஜூரிக்கு ரெண்டு நாள் முன்னாடி. ஆட் செமஸ்டர் ஜூரி நவம்பர்ல வரும், நம்ம ஊர்ல மழையும் நவம்பர்லதான் வரும். திருவல்லிக்கேணில பிரின்ட் எடுத்துட்டு வர்ற வழில என் ஃப்ரெண்டோட நாலு ஷீட்டும் இங்க் கரைஞ்சு வாட்டர்கலர் ஆயிடுச்சு, ஜூரில ஒருத்தரு "மீடியம் நல்லா இருக்கே"ன்னு வேற கேட்டாரு. பிவிசி ட்யூப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, ரெண்டு பக்கமும் மூடி போட்டு.

8. அவார்டுன்னு காசு கேட்டா ஒதுங்குங்க

ரெண்டாவது வருஷத்துலேந்து உங்க மெயிலுக்கு "நீங்க ஷார்ட்லிஸ்ட் ஆயிருக்கீங்க, 3000 கட்டினா சர்டிஃபிகேட்"னு வர ஆரம்பிக்கும். ஹானர்ஸுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, காலேஜ்ல பாயின்ட்டும் தர மாட்டாங்க. ஜேம்ஸ் டைசன் அவார்டு மாதிரி நுழைவு கட்டணமே இல்லாத, இந்தியாவுக்குன்னு தனி ரவுண்டு வெச்சிருக்கற போட்டிங்க இருக்கு, அதுல போடுங்க. ப்ராடக்ட் பண்றவங்க முக்கியமா.

இன்னொண்ணு, நெஜமாவே புதுசா ஒண்ணு பண்ணிருந்தா இன்ஸ்டால, பிஹான்ஸ்ல (டிசைன் வேலைய காட்டற சைட்) ஏத்தறதுக்கு முன்னாடி டிசைன் ரெஜிஸ்ட்ரேஷன் பத்தி யோசிங்க. 2000ம் வருஷ டிசைன் சட்டப்படி தனி ஆளுக்கு அப்ளிகேஷன் ஃபீஸ் 1000 ரூபா, 10 வருஷம் பாதுகாப்பு, அப்பறம் 5 வருஷம் நீட்டிக்கலாம். ஏற்கனவே வெளிய காட்டிட்டீங்கன்னா புதுசு இல்லன்னு தள்ளிடுவாங்க, உங்க சொந்த போஸ்டே உங்களுக்கு எதிரா நிக்கும். காலேஜ்ல ஐபிஆர் (அறிவுசார் சொத்துரிமை) செல் இருந்தா மொதல்ல அங்க கேளுங்க, ஃபீஸ அவங்களே கட்டற எடமும் உண்டு, ஆனா அப்ப டிசைன் யாரு பேர்ல போகுதுன்னு சைன் போடறதுக்கு முன்னாடி படிச்சு பாத்துடுங்க.

9. கடைசி வருஷ பேப்பர்

எம்.டெஸ் (டிசைன்ல மேல்படிப்பு) போறவங்களுக்கு CEED-ங்கற நுழைவுத் தேர்வு ஜனவரில, அப்ளிகேஷன் அக்டோபர் வாக்குல தொறக்கும், ஸ்கோர் ஒரு வருஷம்தான் செல்லும். பக்கத்துலயே மேலக்கோட்டையூர் ஐஐஐடிடிஎம்ல எம்.டெஸ் இருக்கு. எக்ஸ்சேஞ்சோ வெளிநாடோ யோசிச்சா பாஸ்போர்ட்ட மூணாவது வருஷமே எடுத்துடுங்க, நார்மல்ல 1500 ரூபா, தத்கால்னா மேல இன்னொரு 2000. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம், எங்க ஸ்லாட் சீக்கிரம் கெடைக்குதோ அங்க போடுங்க. இங்கயும் இனிஷியல் பஞ்சாயத்து வரும், மேல நாலாவது பாயின்ட்ல சொன்னத ஒழுங்கா முடிச்சிருந்தா தப்பிச்சீங்க.

சிஜிபிஏவ சதவீதமா மாத்த ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் ஒரு ஃபார்முலா. சில எடத்துல பத்தால பெருக்கணும், சில எடத்துல அரைய கழிச்சுட்டு பெருக்கணும். 75 சதவீதம்னு கேக்கற எடத்துல அந்த அரை பாயின்ட் உங்கள வெளிய தள்ளும், அதனால கன்வெர்ஷன் லெட்டர ட்ரான்ஸ்க்ரிப்ட்டோட சேத்தே அப்ளை பண்ணி வாங்குங்க. ட்ரான்ஸ்க்ரிப்ட் ரெண்டு, மூணு வாரம் இழுக்கும், எனக்கு நடுவுல பொங்கல் லீவ் வந்து அஞ்சு வாரம் ஆச்சு. ஒரு வாட்டிலயே அஞ்சு கவர் சீல் போட்டு வாங்கிடுங்க, தனித்தனியா போனா ஒவ்வொரு வாட்டியும் சலான்.

எட்டாவது செமஸ்டர்ல டிகிரிக்கு முன்னாடி ஒரு ட்ராஃப்ட் காட்டுவாங்க, பேரு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு எல்லாரும் ஓகே அமுக்கிடுவாங்க. பேருக்கு கீழ டிகிரி வரில ஹானர்ஸ்னு வந்திருக்கான்னு பாருங்க, எக்ஸ்ட்ரா கிரெடிட் எல்லாம் மொத்தத்துல ஏறியிருக்கான்னு உங்க எக்ஸெல்லோட வெச்சு கூட்டி பாருங்க. அச்சானதுக்கு அப்பறம் திருத்தம்னா அஃபிடவிட், நோட்டரி, மறுபடி ஃபீஸ், மறுபடி அதே கவுன்டர். அந்த கவுன்டர் மதியம் 1லேந்து 2 மூடியிருக்கும், பன்னெண்டரைக்கே டோக்கன நிறுத்திடுவாங்க.